தூக்கிய பழைய ஹைலக்ஸுக்கு 33 அங்குல டயர் போடலாமா? (1994, எல்.என். 106)

மலைக்கெப் – பொகவந்தலாவை

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் 1994ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கெப் இருக்கிறது. எல்.என். 106, 2.8 லீட்டர் 3எல் டீசல் எஞ்சின், டர்போ கிடையாது. முன்னாலும் பின்னாலும் இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகச் சேர்க்கிற முழு ஆக்சில், நான்கு பக்கமும் ஸ்பிரிங் பட்டை. எனக்கு முன் வைத்திருந்தவர் இரண்டு அங்குலம் தூக்கியிருக்கிறார். டயர் மட்டும் பழைய 205 ஆர் 16 தான்.

வேலை என்று பார்த்தால் தேயிலைக் கொழுந்து மூட்டையோடு மலை இறங்குவது, உரத்தோடு மலை ஏறுவது. ராத்திரியில் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில்) யாருக்காவது பிரசவ வலி என்றால் டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும் இந்த வண்டிதான். தோட்டப் பாதையில் மழை ஓடி ஓடி இரண்டு பக்கமும் குழி விழுந்து நடுவில் கல் நிமிர்ந்து நிற்கிறது. ஜூன் பிறந்தால் அடியில் உரசாமல் ஒரு நாளும் வீடு வந்ததில்லை.

ஹட்டனில் ஒருவர் பாவித்த 33×12.5 ஆர் 15 டயர் நான்கும் ரிம்மோடு தருகிறேன் என்கிறார். "தூக்கின வண்டிதானே, தாராளமாகப் போகும்" என்கிறார். இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு இந்தப் பழைய கெப்களின் விலை எங்கேயோ போய்விட்டது. இதை விற்று வேறு வாங்க என்னால் முடியாது, இதையே இன்னும் பத்து வருடம் ஓட்ட வேண்டும். 33 போட்டால் சரிவருமா?

கோவை_டீசல் – கோயம்புத்தூர்

தம்பி, டயரை விடுங்கள். முதலில் ஒரு வேலை செய்யுங்கள். வண்டிக்கு அடியில் படுத்து, உரசிய தடம் எங்கெங்கே இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள். டிஃபரன்ஷியல் முட்டையிலா (ஆக்சிலில் உருண்டையாகத் தெரிகிற கியர் கூடு), இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்திலா, பட்டையை ஆக்சிலோடு கட்டும் யு போல்ட் நுனியிலா, சைலன்ஸரிலா?

ஏன் கேட்கிறேன் என்றால், முழு ஆக்சில் வண்டியில் பட்டையைத் தூக்கினால் சேசிஸ் உயரும், பாடி உயரும். டிஃபரன்ஷியல் ஒரு நூல்கூட உயராது. அது ஆக்சிலோடு போகிற சாமான், அதைத் தரையிலிருந்து உயர்த்துவது டயர் மட்டும்தான். அதுவும் டயரின் விட்டம் எவ்வளவு கூடுகிறதோ அதில் பாதி. எது உரசுகிறது என்று தெரியாமல் காசு போட்டால் தவறான இடத்துக்குப் போய்விடும்.

மணல்காற்று – மஸ்கட்

நான் 33 போடுங்கள் என்றுதான் சொல்வேன். எட்டு வருடமாக இங்கே வஹீபா மணலில் ஓட்டுகிறேன். அகல டயரில் காற்றை 15 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால் வண்டி மிதந்துகொண்டு போகும். ஒல்லி டயர்க்காரர்கள் பக்கத்திலேயே புதைந்து கிடப்பார்கள். அகலம்தான் பிடிமானம். இடிக்கிற இடத்தில் கொஞ்சம் தகட்டை வெட்டிவிட்டால் வேலை முடிந்தது.

தென்முனை – மெல்பன்

இதே வண்டியை இங்கே பதினோரு வருடம் வைத்திருந்தேன், அதனால் நீளமாக எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அளவு. 205 ஆர் 16 டயரின் விட்டம் சுமார் 734 மி.மீ. 31×10.5 ஆர் 15 என்று எழுதியிருந்தாலும் நிஜத்தில் அளந்தால் 775 மி.மீ. பக்கம்தான் வரும். 33×12.5 ஆர் 15 சுமார் 826. கோவை அண்ணன் சொன்ன பாதிக் கணக்குப்படி, 31 போட்டால் டிஃப் 20 மி.மீ. உயரும், 33 போட்டால் 46 மி.மீ. உயரும். 46 என்பது நல்ல உயரம்தான், மறுக்கவில்லை. அதற்கு என்ன விலை என்று பாருங்கள்.

என் வண்டியில் டிஃப் விகிதம் 4.556, அதாவது கிரவுனில் 41 பல், பினியனில் 9 பல். உங்களுடையதில் என்ன என்று சந்தேகமாக இருந்தால் முன்சக்கரங்களுக்கு நன்றாகக் கட்டை கொடுத்து, பின்பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கில் தூக்கி ஸ்டாண்டு வையுங்கள். நியூட்ரலில் அந்தச் சக்கரத்தை இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். ப்ரொப்பெல்லர் ஷாப்ட் நாலரைச் சுற்றுக்குச் சற்றே மேலே போனால் அதுதான். 33 டயர் போட்டதும் இந்த 4.556, நடைமுறையில் 4.05 ஆகச் சுருங்கிவிடும், அந்த அளவுக்கு இழுவை குறையும். சுமார் 90 குதிரைத்திறன் உள்ள, டர்போ இல்லாத எஞ்சின். மூட்டையோடு மலை ஏறும்போது மூன்றாவது கியரில் போன வளைவு இரண்டாவதுக்கு இறங்கும், இரண்டாவதில் போன இடத்தில் கிளட்ச் வாசம் வரும். தார் ரோட்டில் எல்4 (நான்கு சக்கர இயக்கத்தின் தாழ்ந்த கியர்) போட்டுச் சமாளிக்கவும் முடியாது. முன்னும் பின்னும் நடுவில் டிஃப் இல்லாமல் பூட்டிக்கொள்கிற அமைப்பு இது, தாரில் வளைத்தால் முறுக்கிக்கொள்ளும்.

பழைய இழுவை திரும்ப வேண்டுமானால் 33க்குக் கணக்குப்படி 5.13 வேண்டும். சந்தையில் கிடைப்பது 5.29. அதுவும் முன் ஆக்சில், பின் ஆக்சில் இரண்டுக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்ட அன்றே ஏதாவது உடையும். டயருக்குக் கொடுக்கிற காசைவிட இது அதிகம்.

அடுத்தது இடிக்கிற கதை. "தூக்கின வண்டிதானே" என்று விற்பவர் சொன்னதில்தான் பிழை இருக்கிறது. லிஃப்ட் இடம் கொடுப்பது வண்டி சமதரையில் நிற்கும்போது. ஒரு சக்கரம் கல்லில் ஏறி மேலே போகும்போது ஆக்சில் பம்ப் ஸ்டாப்பில் (மேலே போவதைத் தடுக்கும் ரப்பர் கட்டை) முட்டும்வரை போகும். பம்ப் ஸ்டாப்பை நீட்டாமல் பட்டையை மட்டும் உயர்த்தியிருந்தால், முட்டுகிற இடம் தொழிற்சாலையிலிருந்து வந்த அதே இடம்தான். அங்கே 33க்கு இடமில்லை. முன்சக்கரத்துக்குப் பின்னால் கேபினின் கீழ் மூலையும் பம்பரின் ஓரமும் கிழிபடும்.

இன்னொன்று, இதை நான் அனுபவித்துத்தான் கற்றேன். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் அகல டயரின் உள்பக்கம் ஸ்பிரிங் பட்டையிலேயே உரசும். பட்டை ஆக்சிலோடு சேர்ந்து நிற்கிறது, நீங்கள் பத்து அங்குலம் தூக்கினாலும் அந்த இடைவெளி மாறாது. ரிம்மை வெளியே தள்ளுகிற ஆஃப்செட் வேண்டும், இல்லையென்றால் ஸ்டியரிங் ஸ்டாப் போல்ட்டை வெளியே எடுத்து ஒடிப்பைக் குறைக்க வேண்டும். ரிம்மை வெளியே தள்ளினால் வீல் பேரிங்குக்கும் கிங் பின் பேரிங்குக்கும் சுமை ஏறும், கல் மேல் ஏறும்போது ஸ்டியரிங் கையைப் பிடுங்கும். ஒடிப்பைக் குறைத்தால் உங்கள் மலைக் கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டு தடவை ரிவர்ஸ் எடுக்க வேண்டிவரும்.

மணல்காற்று, தகட்டை வெட்டுவதில் எனக்கு ஆட்சேபமில்லை, நானும் வெட்டியிருக்கிறேன். ஆனால் கேபினின் அந்தக் கீழ் மூலை இரண்டு தகடு சேர்கிற இடம். சுத்தியலால் மடித்து, பற்றவைத்து, துருத்தடுப்பு அடிக்க வேண்டும். மழை நாட்டில் வெறுமனே வெட்டிவிட்டால் இரண்டே வருடத்தில் கேபின் தரை அரிக்கும்.

கோவை_டீசல்

தென்முனை சொன்னதோடு முன் ஆக்சிலின் பர்ஃபீல்ட் ஜாயின்ட்டையும் (முன்சக்கரம் திரும்பியபடியே இழுவையைக் கடத்தும் இணைப்பு) சேர்த்துக்கொள்ளுங்கள். முன் ஹப்பைப் பூட்டி, ஸ்டியரிங் முழு ஒடிப்பில், மேட்டில் ஆக்ஸிலேட்டரை மிதிக்கிற நேரம்தான் அது போகும். டயர் பெரிதாக ஆக ஆக அந்த ஜாயின்ட்டுக்கு வருகிற முறுக்கு கூடும். உடைந்தால் நடுக்காட்டில் நிற்க வேண்டியதுதான்.

அந்த டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும், பார்த்தீர்களா? முதல் இரண்டு இலக்கம் செய்த வாரம், அடுத்த இரண்டு இலக்கம் வருடம்.

மலைக்கெப்

நேற்று மழையில்லை. ஒரு மணி நேரம் அடியில் கிடந்தேன். நான் நினைத்ததற்கு நேர்மாறாக இருக்கிறது.

பின் டிஃப் முட்டையில் பழைய கீறல் இரண்டு மூன்றுதான். புதிதாகப் பளபளவென்று உரசியிருப்பது பின் யு போல்ட்களின் நுனி. பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைத்துத் தூக்கியிருக்கிறார்கள். அதற்காகப் போட்ட நீள யு போல்ட், நட்டுக்குக் கீழே 40 மி.மீ.க்கு மேல் தொங்குகிறது. கல்லில் அடிபட்டு மரையெல்லாம் நசுங்கிப் போயிருக்கிறது. முன்பக்கம் கட்டை இல்லை, நீளமான ஷக்கிள் (பட்டையின் நுனியைச் சேசிஸோடு சேர்க்கும் தொங்கு இணைப்பு) போட்டிருக்கிறார்கள். வாங்கிய நாளிலிருந்து நேர் ரோட்டில் வண்டி அலைகிறது, திருப்பினால் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது. ஸ்டியரிங் பெட்டி தேய்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஹட்டனில் போய் டயரையும் பார்த்தேன். மூன்றில் 1411, ஒன்றில் 3010.

கோவை_டீசல்

அப்படியென்றால் 2011ஆம் வருடம் 14ஆவது வாரத்தில் செய்தது மூன்று, 2010இல் செய்தது ஒன்று. பூ (டயரின் வரிப்பள்ளம்) எவ்வளவு இருந்தாலும் ரப்பர் விறைத்துப் போயிருக்கும், ஈரத்தில் பிடிக்காது. அதை மறந்துவிடுங்கள், தம்பி. ஆட்களை ஏற்றி மலை இறங்குகிற வண்டி இது.

இப்போது உங்கள் நிஜமான நோய் தெரிந்துவிட்டது. டயருக்கு முன்னால் அந்த லிஃப்டைச் சரிசெய்ய வேண்டும்.

நீள ஷக்கிள் போட்டால் ஆக்சில் சுழன்று காஸ்டர் கோணம் (முன்சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு) குறையும். அதனால்தான் வண்டி அலைகிறது, ஸ்டியரிங் திரும்பி வருவதில்லை. ஸ்டியரிங் பெட்டியைக் குறை சொல்லாதீர்கள். நீள ஷக்கிளைக் கழற்றிப் பழைய அளவு ஷக்கிளைப் போட்டுவிட்டு, உயரம் வேண்டுமானால் அதற்கென்றே வளைத்த பட்டைக் கட்டு போடுங்கள். காஸ்டர் இன்னும் பற்றவில்லை என்றால் பட்டைக்கும் ஆக்சிலுக்கும் இடையே ஆப்புத் தகடு வைத்துக் கோணத்தைத் திருத்தலாம். முன்பக்கம் மட்டும் எந்தக் காலத்திலும் இரும்புக் கட்டை வைக்கக் கூடாது, பிரேக் போடுகிறபோது புரண்டுவிடும்.

பின்பக்கக் கட்டையை எடுத்துவிட்டு அங்கேயும் பட்டைக் கட்டு. யு போல்ட் புதிது போட்டு, நட்டுக்கு வெளியே நாலைந்து மரை விட்டு அறுத்துவிடுங்கள். உங்கள் உரசலில் பாதி அன்றைக்கே போய்விடும்.

மூன்றாவது, பின் ஆக்சிலிலிருந்து சேசிஸுக்கு ஒரு கம்பி போய், ஒரு வால்வில் சேரும். சுமைக்குத் தக்கபடி பின் பிரேக்குக்கு அழுத்தத்தைப் பங்கிடுகிற வால்வு அது. வண்டியைத் தூக்கியதும் ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் தூரம் கூடிவிட்டதால், வண்டி எப்போதும் வெறுமையாக இருக்கிறது என்று அது நினைத்துக்கொள்ளும். மூட்டை ஏற்றினாலும் பின் பிரேக்கைக் குறைத்தே கொடுக்கும், எல்லாச் சுமையும் முன் பிரேக்கில் விழும். தூக்கிய அளவுக்கு அந்தக் கம்பியின் பிராக்கெட்டையும் உயர்த்தியிருக்கிறார்களா என்று பாருங்கள். நான் பார்த்த தூக்கிய வண்டிகளில் பத்தில் எட்டில் அதைத் தொடவே இல்லை. பிரேக் ஹோஸ்களையும் பாருங்கள். சக்கரம் தொங்கும்போது ஹோஸ் இழுபடக் கூடாது.

மலைக்கெப்

தொடவில்லை அண்ணன். பழைய இடத்திலேயே இருக்கிறது. கம்பி நேராக இழுத்துக்கொண்டு நிற்கிறது.

ரம்பொடைப் பக்கம் இறங்கும்போது முன் பிரேக் மட்டும் சூடாகிப் புகை வந்ததற்குக் காரணம் இப்போதுதான் தெரிகிறது. அன்றைக்குப் பின்னால் ஆறு பேர் இருந்தார்கள்.

சின்னக்கல்லார் – வால்பாறை

இதைப் படித்துவிட்டு நானும் என் மஹிந்திராவுக்கு அடியில் போய்ப் படுத்தேன். நன்றி.

டயரைப் பற்றி என் பங்குக்கு ஒன்று. எங்கள் தேயிலை மலையும் உங்கள் மலையும் ஒரே மாதிரிதான். மேலே இரண்டு அங்குலம் வழுக்குகிற செம்மண் சேறு, அடியில் கெட்டித் தரை. இங்கே ஒல்லி டயர்தான் சேற்றை வெட்டிக்கொண்டு அடித்தரையைப் பிடிக்கும். மணல்காற்று சொல்வது மணலுக்கு முழுக்கச் சரி, மணலுக்கு அடியில் கெட்டித் தரை இல்லையே. எங்கள் எஸ்டேட் டிரைவர்கள் யாரும் அகல டயர் போட மாட்டார்கள். 7.00 ஆர் 16 அல்லது 7.50 ஆர் 16 தான் போடுவார்கள்.

மணல்காற்று

அது நியாயம். நான் சேற்று மலையில் ஓட்டியதே இல்லை, மணலை வைத்துச் சொன்னேன். என் முதல் பதிலைத் திருத்திக்கொள்கிறேன்.

தென்முனை

சின்னக்கல்லார் சரியான இடத்தைத் தொட்டுவிட்டார். 7.00 ஆர் 16 விட்டம் சுமார் 775 மி.மீ. அதாவது 31 அங்குல டயரின் அதே உயரம், கிட்டத்தட்ட முக்கால் பங்கு அகலத்தில். உங்கள் 16 அங்குல இரும்பு ரிம் 5.5 அங்குல அகலம் என்றால் ரிம்மே மாற்ற வேண்டாம். அகலம் கூடாததால் பட்டையிலும் உரசாது.

7.50 ஆர் 16 சுமார் 805 மி.மீ. டிஃப் 35 மி.மீ. உயரும், ஆனால் விகிதம் 4.15க்கு இறங்கிவிடும். டர்போ இருந்தால் யோசிக்கலாம். உங்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். 7.00இல் 4.31 ஆகும், அது தாங்கக்கூடிய இழப்பு.

சுமையையும் பாருங்கள். 33×12.5 டயரில் சுமைக் குறியீடு பெரும்பாலும் 108 என்று அச்சிட்டிருக்கும், அதாவது ஒரு டயருக்கு 1000 கிலோ. 31×10.5இல் 109, 1030 கிலோ. பெரிய டயர் அதிகம் தாங்கும் என்று எல்லோரும் நினைக்கிறோம், இங்கே தலைகீழ். 7.00 ஆர் 16 லாரிக்கென்றே வந்த அளவு, கொழுந்து மூட்டை அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

குட்டிஜீப் – தேனி

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். என்னிடம் இப்போது இரண்டு டயருக்குத்தான் காசு இருக்கிறது. பின்னால் மட்டும் பெரிது போட்டுவிட்டு ஆறு மாதம் கழித்து முன்னால் போடலாமா? அப்புறம், இந்தியாவில் டயர் அளவை மாற்றினால் ஆர்.டி.ஓ. பிரச்சினை வருமா?

கோவை_டீசல்

போடக் கூடாது, தம்பி. 4×4 போட்டதும் முன் ஷாப்டும் பின் ஷாப்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். பின்னால் பெரிது, முன்னால் சிறிது என்றால் ஒரு சுற்றுக்கு இரண்டும் வேறு வேறு தூரம் போகப் பார்க்கும். அந்த வித்தியாசம் டிரான்ஸ்ஃபர் கேஸில் முறுக்காக ஏறிக்கொண்டே போகும். லீவரை வெளியே எடுக்கவே முடியாமல் சிக்கும், மிஞ்சினால் உடையும். காசு சேரும்வரை காத்திருந்து நான்கையும் ஒன்றாகப் போடுங்கள். முடிந்தால் ஸ்டெப்னியும் அதே அளவு.

சட்டத்தைப் பொறுத்தவரை, மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக ஆர்.சி.யில் உள்ள விவரம் ஆகும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே வருடம் வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். அதனால் உங்கள் மாடலுக்குத் தயாரிப்பாளரே வேறு வேரியண்டில் கொடுத்த டயர் அளவு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குள் நிற்பதுதான் நிம்மதி.

தென்முனை

இங்கேயும் 4×4 வண்டிக்கு விட்டம் 50 மி.மீ. வரைதான் சான்றிதழ் இல்லாமல் கூட்டலாம். 33 போட்டால் 92 கூடுகிறது. மலைக்கெப், நீங்களும் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், காப்புறுதிக் கம்பனிக்கும் எழுத்தில் தெரியப்படுத்துங்கள். ஆட்கள் ஏறுகிற வண்டி.

மலைக்கெப் (ஐந்து வாரம் கழித்து)

வேலை முடிந்தது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன், வேறு யாருக்காவது உதவும்.

முன்னும் பின்னும் 40 மி.மீ. உயரத்துக்குப் பட்டைக் கட்டு போட்டோம். இரும்புக் கட்டை, நீள ஷக்கிள் இரண்டும் போய்விட்டன. யு போல்ட் புதிது, மீதியை அறுத்தாயிற்று. பிரேக் வால்வின் பிராக்கெட்டையும் 40 மி.மீ. உயர்த்திப் பற்றவைத்தோம். முன் ஹோஸ் இரண்டும் நீளமானது மாற்றினோம். திணைக்களத்தில் விசாரித்துக்கொண்டேன், காப்புறுதிக்கும் கடிதம் கொடுத்துவிட்டேன்.

டயர் 7.00 ஆர் 16, புதிது ஐந்து. ஹட்டனிலேயே கிடைத்தது. லாரிக்குப் போகிற அளவு என்பதால் நாளைக்கு ஒன்று வெடித்தாலும் தேடி அலைய வேண்டாம், அதுவே பெரிய ஆறுதல்.

பொருத்தியதும் ஒரு முன்சக்கரத்தைக் கல் அடுக்கில் ஏற்றி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார்த்தோம். மறுபக்கமும் அப்படியே. பட்டையிலோ கேபின் மூலையிலோ படவில்லை. இடது பக்கம் மட்கார்டு ரப்பர் மட்டும் உரசியது, இரண்டு விரல் அகலம் வெட்டினேன். ஸ்டெப்னி பழைய இடத்திலேயே, பின்னால் அடியில், நுழைந்துவிட்டது.

டயர் விறைப்பு. வெறும் வண்டியில் முதல் நாள் முதுகு நொந்தது. பூவின் குறுக்கே சோக்கால் கோடு போட்டு ஐம்பது மீட்டர் நேராக ஓட்டிப் பார்த்தேன், நடுவில் மட்டும் அழிந்திருந்தது. அழிவு சமமாகும்வரை காற்றைக் குறைத்தேன். வெறும் வண்டிக்கு ஒரு அளவு, மூட்டைக்கு ஒரு அளவு என்று கதவுப் பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

வேகமானியில் 60 காட்டும்போது ஃபோனில் 63 காட்டுகிறது. நோர்வூட் ஏற்றத்தில் முன்பு மூன்றாவதில் போன ஒரு வளைவை இப்போது மூட்டையோடு இரண்டாவதில் எடுக்கிறேன். 33 போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த வளைவில் ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொள்கிறேன். ஸ்டியரிங் தானாகத் திரும்பி வருகிறது. போன வெள்ளிக்கிழமை ராத்திரி மேல் டிவிஷனிலிருந்து ஒரு அக்காவை ஏற்றிக்கொண்டு மழையில் இறங்கினோம். அடியில் ஒரு இடத்திலும் படவில்லை. ஆண் குழந்தை.

சின்னக்கல்லார்

ரொம்பச் சந்தோஷம். அக்காவுக்கும் குழந்தைக்கும் எங்கள் அன்பைச் சொல்லுங்கள்.

கோவை_டீசல்

நல்ல செய்தி, தம்பி. வீல் நட்டை 100 கி.மீ.க்குப் பிறகு ஒரு தடவை முடுக்கியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். யு போல்ட்டையும் 500 கி.மீ.யில் மறுபடி முடுக்க வேண்டும். புதுப் பட்டை அமர்ந்ததும் போல்ட் கொஞ்சம் தளரும். வண்டி நான்கு சக்கரத்தில் தரையில் நிற்கும்போது முடுக்குங்கள், ஜாக்கில் தூக்கிவைத்து அல்ல.

மலைக்கெப்

வீல் நட் முடுக்கியாயிற்று அண்ணன். யு போல்ட் இன்னும் இல்லை, இன்றைக்கு 480 ஆகியிருக்கிறது. நாளைக் காலை கொழுந்து ஏற்றுவதற்கு முன் முடுக்கிவிடுகிறேன்.